அறுபதுக்கு மேல் அனுமதி இல்லை

நவம்பர் 4, திங்கள்

காலை பதினொன்றேகாலுக்கு சர்வர் ஆட்களை உள்ளே விட மறுத்தது. மூன்று பேர் போன் செய்தார்கள். பாஸ்வேர்டைக் கேட்கிறதாம், வாங்கிக்கொள்கிறதாம், பிறகு 'லாகின்கள் அதிகமாகிவிட்டன' என்று ஒரு வரி காட்டிவிட்டு வெளியே தள்ளுகிறதாம்.

டைரக்டர் ஜெஸிந்தா மேடம் கூப்பிட்டார். "கோமதி, இது சரியாகுற வரைக்கும் என்னைக்கு என்ன செஞ்சீங்கன்னு எழுதி வைங்க. கம்ப்யூட்டர் தெரியாதவங்க படிச்சாலும் புரியணும். நாளைக்கு யாரும் கேட்டா சொல்லணும்லா." ஆபீஸ் பதிவேட்டில் எழுதினால் எல்லோரும் புரட்டுவார்கள். அதனால் இது என் சொந்த நோட்டு. வேண்டியதை மட்டும் பிறகு அதில் எடுத்து எழுதிக்கொள்ளலாம்.

புரியும்படி எழுத வேண்டுமென்றால்: மலையில் பெய்கிற மழையை வைத்து அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடுகிற ஆய்வு மையம் இது. பாளையங்கோட்டையில் நாங்கள் இருபது பேர். வெளியே கல்லூரிகளில் ஐம்பது ஆராய்ச்சி மாணவர்கள். எல்லோரும் அவரவர் இடத்திலிருந்தே எங்கள் யூனிக்ஸ் சர்வருக்குள், அதாவது எல்லோருக்கும் பொதுவான ஒரு பெரிய கணினிக்குள், லாகின் செய்து வேலை பார்ப்பார்கள். ஒருவரே பல தடவை லாகின் செய்யலாம்; ஒவ்வொன்றும் அவர் திரையில் ஒரு ஜன்னல். மொத்தத்தில் ஒரே நேரத்தில் அறுபது லாகின்கள்தான் இருக்கலாம். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த எண்ணை எழுதி வைத்தவள் நான். இதுவரை நாற்பதைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

உள்ளே யார் யார் என்று பட்டியல் எடுத்தேன். சரியாக அறுபது வரி. முழுவதும் படிக்க நேரமில்லை. சும்மா கிடந்த பத்தைத் துண்டித்ததும் சரியானது.

வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கினேன். அத்தானும் வாங்கி வைத்திருந்தார், இரண்டு கட்டு. நாளைக்கும் சாம்பார்தான்.

நவம்பர் 5, செவ்வாய்

மழைக்காலத்தில் லைன் அடிக்கடி அறுந்து போகிறது. அறுந்தது சர்வருக்குத் தெரியாது. ஆள் உள்ளேயே இருப்பதாக நினைத்து இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். இதுதான் காரணமாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு லாகினையும் 'இருக்கிறாயா' என்று கேட்கும்படியும், மூன்று தடவை பதில் வராவிட்டால் வெட்டிவிடும்படியும் மாற்றி எழுதினேன்.

மேடத்திடம் சொன்னேன். "சரியாயிரும்" என்றேன்.

நவம்பர் 6, புதன்

ஆகவில்லை. பதினொன்றரைக்கு மறுபடி அறுபது. எல்லா லாகினும் 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று பதில் சொல்கின்றன.

நவம்பர் 8, வெள்ளி

அரைமணி நேரம் ஒன்றும் தட்டாமல் சும்மா இருந்தால் தானே வெளியேற்றும்படி வைத்துப் பார்த்தேன். அதிலும் ஒரு குறை. ஆள் உள்ளே எதையும் திறக்காமல் வெறுமனே இருந்தால்தான் அது வேலை செய்யும். எழுதித் திருத்துகிற எடிட்டரில் ஒரு கோப்பைத் திறந்து வைத்துவிட்டுப் போனவரை அது ஒன்றும் செய்யாது. சும்மா கிடக்கிற லாகின்கள் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு கோப்பு திறந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் தெருவெல்லாம் தண்ணீர். பக்கத்து வீட்டு சொர்ணம் அக்கா வாசலில் நின்று, "கோமு, ஒங்க மோட்டாரு ரெண்டு மணி நேரமா ஓடுது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு நானே உள்ள வந்து அமத்துனேன்" என்றாள். அத்தான் உள்ளே கணினி முன்னால்தான் இருந்தார். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது.

நவம்பர் 11, திங்கள்

இன்று பட்டியலைக் கடைசி வரை படித்தேன். அறுபதில் முப்பத்தொன்று ஒரே ஆளின் லாகின் கணக்கு. அது யாருடையது என்று பிறகு எழுதுகிறேன்.

அத்தான் யார் என்று இதில் எழுதவே இல்லை. பெயர் ஆவுடையப்பன். என் மாமா மகன், என் கணவர். வயது ஐம்பத்தொன்பது. இதே மையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தார். அணைக்கு வரும் தண்ணீரைக் கணக்கிடுகிற ப்ரோகிராம் அவர் எழுதியதுதான். போன வருடம் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். முதுகுவலி என்று எல்லோரிடமும் சொன்னோம். முதுகுவலியும் இருந்தது. இப்போது வீட்டிலிருந்தபடியே அந்தப் ப்ரோகிராமில் ஒரு திருத்தம் செய்துகொண்டிருக்கிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு இந்த வேலையாவது இருக்கட்டும் என்று மேடத்திடம் கேட்டு வாங்கிக் கொடுத்தவள் நான்.

மேடம் மூன்று மணிக்கு வந்து, "யாரு இப்படி எடத்தைப் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"சில பேரு நெறைய லாகின் வச்சிருக்காங்க மேடம். ரஹ்மத் நிஷான்னு ஒரு பிள்ளை, எட்டு வச்சிருக்கா."

சொன்னதில் பொய் இல்லை. நிஷா எட்டு வைத்திருக்கிறாள்.

நவம்பர் 13, புதன்

புதிய விதி. ஒருவருக்கு இரண்டு லாகின்தான். மேடம் கையெழுத்துப் போட்டார். பத்து மணிக்கு அமலுக்குக் கொண்டுவந்தேன். கூடுதலாக இருந்தவற்றைத் துண்டித்தேன். ஒரு கணக்குக்கு மட்டும் விதிவிலக்கு. ப்ரோகிராமை எழுதியவர், வேலை பாதியில் இருக்கிறது. காரணம் இருக்கிறது.

பதினொரு மணிக்கு நிஷா வந்துவிட்டாள். மேலப்பாளையத்திலிருந்து மழையில் ஸ்கூட்டியில் வந்திருக்கிறாள். துப்பட்டா ஓரத்தில் தண்ணீர் சொட்டியது.

"மேடம், என் ஆராய்ச்சிக் கணக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. பத்தொம்பது நாளா ஓடுது. முப்பது வருஷத்து மழை. இன்னும் பத்து நாள்ல முடியும். இப்ப பாத்தா ஆறு ஜன்னலும் மூடிருச்சு, எல்லாம் போச்சு."

"விதி மாறியிருக்கும்மா. மெயில் அனுப்பினோம்லா?"

"ஒம்பதே முக்காலுக்கு அனுப்பிட்டு பத்து மணிக்கு வெட்டினா எப்படி மேடம்? டிசம்பர் இருபதுக்குள்ள நான் தீஸிஸ் குடுக்கணும். அது குடுத்தாத்தான் ஜனவரில ஜப்பான்ல ஆராய்ச்சி வேலையில சேர முடியும்."

லாகினை மூடினாலும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்படி கணக்கைத் தொடங்க ஒரு வழி உண்டு. அப்படித் தொடங்கியிருந்தால் பிழைத்திருக்கும். அதைப் புதிய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என் வேலை. இரண்டு வருடமாக அந்த வகுப்பை நான் எடுக்கவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. "மறுபடி ஓட விடும்மா" என்றேன்.

அவள் திரும்பிப் போனாள். தரையில் ஈரக் காலடித் தடம் கிடந்தது. கூட்டுகிற பேச்சியம்மாள் வந்து துடைத்தாள்.

நவம்பர் 14, வியாழன்

அத்தான் பால் வாங்கப் போய் மூன்று தடவை வாங்கி வந்திருக்கிறார். ஆறு பாக்கெட். பால்கோவா கிண்டினேன். நன்றாக வந்தது.

நவம்பர் 18, திங்கள்

விதி வந்த பிறகும் பகல் பன்னிரண்டுக்கு மேல் இடம் முட்டியது. அந்தக் கணக்கில் இன்று முப்பத்தாறு.

வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்று செய்கிறேன். பதினொன்றரைக்கு, என் இடத்திலிருந்தே, அந்த லாகின்கள் எல்லாவற்றையும் துண்டித்துவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் இடம் கிடைக்கிறது. மேடம்கூட, "இப்ப பரவால்லையே கோமதி" என்றார்.

சாயங்காலம் அத்தான் முகம் சரியில்லை. சாப்பாட்டில் கை வைக்காமல் இருந்தார்.

"என்ன அத்தான், ரசம் நல்லா இல்லையா?"

"யாரோ என்னைத் தள்ளி விடுதாவ கோமு."

"எங்க?"

"உள்ளதான். வேலை பாத்துக்கிட்டே இருக்கேன். திடீர்னு எல்லாம் மூடிருது. மறுபடி போனா, மறுநாளும் அதே நேரத்துக்குத் தள்ளி விடுதாவ. நான் வேண்டாம்னு யாரும் நெனைக்காவளோ?"

"லைன் சரியில்ல அத்தான். மழைலா."

"லைனா?" என்று யோசித்தார். "லைன்னா ஒரே நேரத்துக்கா போவும்?"

அந்த மூளை அப்படியேதான் இருக்கிறது. எங்கே கோளாறு என்று ஒரு கேள்வியில் பிடித்துவிடுகிறது. நான் மோர் எடுக்க எழுந்து போய்விட்டேன்.

நவம்பர் 21, வியாழன்

நிஷா வந்தாள். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். கையில் மடித்த ஒரு தாள்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுக்க என் பதவி தேவையில்லை. ஒரு சின்னக் கட்டளை. லாகின் உள்ள யார் தட்டினாலும் வரும். இதை நான் மறந்தே போயிருந்தேன்.

"நேத்து பதினொரு மணிக்கு எடுத்தேன் மேடம்" என்று தாளை மேஜையில் வைத்தாள். "ஆவுடையப்பன் சார் பேரு முப்பத்தெட்டு தடவ இருக்கு."

நான் தாளைப் பார்க்கவில்லை.

"நான் யாருகிட்டயும் காட்டல. என் மேல கோவத்துல செஞ்சீங்களோன்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம் நேரத்தைப் பாத்தேன். எட்டு மணிக்கு ஒண்ணு. எட்டு பத்துக்கு ஒண்ணு. எட்டே காலுக்கு ஒண்ணு. எதையும் மூடல." தாளை என் பக்கம் நகர்த்தினாள். "மேடம், சாருக்கு ஒடம்பு நல்லா இருக்கா?"

"முதுகுவலி" என்றேன்.

அவள் எழுந்து, "தாள் ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பர் 22, வெள்ளி

பதினொன்றரைக்குத் துண்டிக்கவில்லை. முடியவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஐந்து பேர் போன் செய்தார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்திருந்தார். நான் அவருடைய கணினி முன்னால் உட்கார்ந்தேன். அவர் ஓய்வு பெற்ற இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அதை நான் திறந்து பார்த்ததில்லை. அடுத்தவர் மேஜையைத் தொடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

திரையில் ஒன்றன் பின் ஒன்றாக ஜன்னல்கள். எண்ணினேன், முப்பத்தைந்து. ஒவ்வொன்றிலும் எடிட்டர். ஒரே கோப்பு, ஒரே இடம், நானூற்றுப் பன்னிரண்டாவது வரி. சிலவற்றில் திருத்தம் பாதியில் நின்றது. சிலவற்றில் முழுதாக எழுதியிருந்தார். சரியாகவே எழுதியிருந்தார். எதையும் சேமிக்கவில்லை.

ஏன் சேமிக்கவில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. ஒரே கோப்பை இரண்டாவது தடவை திறந்தால் எடிட்டர் எச்சரிக்கும், 'இதை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார், கவனம்' என்று. அவர் ஒழுங்கான ஆள். இன்னொருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது மேலே எழுதிக் கெடுக்க மாட்டார். மேஜையில் ஒரு குறிப்புத் தாள் இருந்தது, அவருடைய அழகான கையெழுத்தில்: 'யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் முடித்ததும் செய்யவும்.' அதன் கீழே தேதிகள், அக்டோபரிலிருந்து. ஒரே நாளில் நான்கைந்து தடவைகூட.

தன்னுடைய இன்னொரு ஜன்னலுக்கு வழிவிட்டு ஆறு வாரமாகக் காத்திருந்திருக்கிறார்.

"என்னளா பாக்க?"

எழுந்து வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தார். மறைக்க நேரமில்லை. இருந்திருந்தால் மறைத்திருப்பேன்.

"வாங்க அத்தான். ஒண்ணு காட்டுதேன்."

சர்வரில் பட்டியலை எடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"யாரு இது, இத்தன தடவ?" என்றவர் விரலை இடது பக்கம் நகர்த்திப் பெயரைப் படித்தார். விரல் அங்கேயே நின்றது. "இது நாந்தானா?"

"ஆமா அத்தான்."

"எல்லாமா?"

"எல்லாம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய நாட்களில் ஆபீசில் சர்வர் நின்றுபோனால் இப்படித்தான் உட்காருவார், பதற்றமே இல்லாமல்.

"லைன் அறுந்து நிக்குதோன்னு பாத்தியா?"

"பாத்தேன். எல்லாம் உயிரோட இருக்கு."

"சும்மா கெடந்தா வெளியேத்துற மாதிரி வச்சியா?"

"வச்சேன். எடிட்டர் தொறந்திருக்கதால ஆவல."

"வேற யாரும் என் பாஸ்வேர்ட்ல வாராவளா?"

"எல்லாம் நம்ம வீட்டுலேர்ந்துதான் வருது."

"அப்ப மெஷின்ல ஒண்ணுமில்ல" என்றார்.

"இல்ல."

கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சொன்னார், "ஒரு வருஷத்துக்கு மேலயே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு கோமு. ஒங்கிட்டக் கேக்கப் பயந்துக்கிட்டு இருந்தேன்."

"நானும்தான் அத்தான்."

"தெனமும் தள்ளி விட்டது?"

"நாந்தான்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் ஜன்னலில் திருத்தம் முழுதாக இருந்தது. குறிப்புத் தாளின் முதல் தேதியைப் பார்த்தால், அக்டோபர் எட்டாம் தேதியே ஒரு தடவை முடித்திருக்கிறார். அதைச் சேமித்தேன். மற்ற முப்பத்துநான்கையும் மூடினோம். அவரே ஒவ்வொன்றாக மூடினார்.

பிறகு நிஷாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். "அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லப் போற?" என்று கேட்டார். "மொதல்ல என் லாகினை எடுத்துரு" என்றார்.

நவம்பர் 25, திங்கள்

மேடம் கதவைச் சாத்தச் சொன்னார்.

நிஷா கொடுத்த தாளை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எப்பயிலேர்ந்து ஒங்களுக்குத் தெரியும் கோமதி?"

"பதினோராம் தேதியிலேர்ந்து மேடம்."

"அதுக்கு முன்னாடி?"

"பாக்காம இருந்தேன்."

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "சார்கூட பதினேழு வருஷம் வேலை பாத்திருக்கேன். போன வருஷம் ஒரு மீட்டிங்ல ஒரே விஷயத்தை மூணு தடவ சொன்னாரு. நானும் முதுகுவலி மாத்திரைன்னே நெனச்சுக்கிட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "ஆனா அந்தப் பிள்ளை விஷயத்துல நான் ஒங்களுக்கு மெமோ குடுத்துத்தான் ஆகணும்."

"குடுங்க மேடம்."

நிஷாவின் கட்டுப்பாட்டை நீக்கி, அவளுக்கு எத்தனை லாகின் வேண்டுமோ அத்தனையும் கொடுக்கச் சொன்னார். பின்னணியில் ஓட விடுகிற வழியையும் அவளுக்கு மெயிலில் எழுதினேன். பத்து நிமிடத்தில் செய்தேன். பன்னிரண்டு நாள் முன்னால் செய்திருக்க வேண்டியது.

நவம்பர் 29, வெள்ளி

நிஷாவின் கல்லூரிக்குப் போனேன். போனில் சொல்கிற விஷயமில்லை. கேன்டீனில் உட்கார்ந்தோம். டீ வாங்கினாள். அவள் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை.

முதலிலிருந்து சொன்னேன். அவளைக் காட்டிக்கொடுத்தது, விதியில் யாருக்கு விலக்கு வைத்தேன் என்பது, அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்காதது, எல்லாம். மையத்திலிருந்து அவளுடைய வழிகாட்டிக்கும் ஜப்பானுக்கும் கடிதம் அனுப்புகிறோம், தாமதத்துக்குக் காரணம் நாங்கள்தான் என்று எழுதி, என்றேன்.

"கணக்கு திங்கக்கிழமையிலேர்ந்து மறுபடி ஓடுது" என்றாள். "நீங்க மெயில்ல சொன்ன மாதிரி பின்னணியில விட்டிருக்கேன். எப்படியும் டிசம்பர் இருபத்தஞ்சு ஆயிரும். அதுக்கப்புறம்தான் எழுதணும். ஜப்பான்காரங்ககிட்டக் கேட்டுப் பாத்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்களாம்."

"ரொம்ப தப்புப் பண்ணிட்டேன்மா."

"நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஜன்னலை மூடிட்டு சாருக்கு எடம் விட்டிருப்பேன் மேடம்." டம்ளரைத் தள்ளி வைத்தாள். "உம்மா பெட்டி வாங்கி வச்சிருக்காங்க. இன்னும் நான் வீட்டுல சொல்லல."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். வீட்டிலிருந்து மையத்துக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டார். அத்தான் ஒவ்வொரு திருப்பத்தையும் சொன்னார், முப்பது வருடத்துக்கு முன்னால் இருந்த ஒரு சைக்கிள் கடை உட்பட. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அத்தான் என் பக்கம் திரும்பினார்.

ஸ்கேன், ரத்தம், மாத்திரை. மாத்திரை குணமாக்காது, கொஞ்சம் மெதுவாக்கும் என்றார் டாக்டர். "எவ்வளவு நாள்னு சொல்ல முடியாதும்மா."

திரும்பி வரும்போது மழை இல்லை. ஆட்டோவில் அத்தான் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தார்.

டிசம்பர் 6, வெள்ளி

மாலை நான்கு மணிக்கு அத்தானின் கணக்கைப் பூட்டினேன். அழிக்கவில்லை, பூட்டினேன். அவர் எழுதிய கோப்புகள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. ஒருவருக்கு இரண்டு என்ற விதியையும் எடுத்துவிட்டேன். இப்போது உள்ளே மொத்தம் பதினேழு லாகின்கள்தான்.

விவரத்தைப் பதிவேட்டில் எழுதினேன். கோளாறு: ஒரே பயனரின் மூடப்படாத லாகின்கள். காரணம்: பயனரின் உடல்நிலை. தீர்வு: கணக்கு முடக்கம். பொறுப்பு: நிர்வாகி, உரிய காலத்தில் தெரிவிக்காதது. மேடம் கையெழுத்திட்டார்.

இந்த நோட்டின் வேலை இதோடு முடிந்தது.

டிசம்பர் 16, திங்கள்

இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பகலில் சொர்ணம் அக்கா வந்து அத்தானோடு இருக்கிறாள். அவள் சமையல்கட்டில் இருந்த நேரமாக இருக்க வேண்டும். பதினொரு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. எங்கள் வீட்டு எண்.

"வணக்கம், கம்ப்யூட்டர் பிரிவு" என்றேன், பழக்கத்தில்.

"வணக்கம்மா. என் பேரு ஆவுடையப்பன். அங்கனதான் முப்பது வருஷம் வேலை பாத்தேன். என்னால உள்ள போக முடியல. காலைலேர்ந்து பாக்கேன். பாஸ்வேர்ட் சரியாத்தான் போடுதேன்."

அத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். குரல் அவ்வளவு மரியாதையாக இருந்தது. தெரியாத ஒரு பெண்ணிடம் உதவி கேட்கிற மனிதரின் குரல். என்னை அவருக்குத் தெரியவில்லை.

"சொல்லுங்க ஐயா."

"ஒரு சின்னத் திருத்தம் பாக்கி இருக்கு. அதை முடிச்சுக் குடுத்துட்டா நான் தொந்தரவு பண்ண மாட்டேன். ஒங்களால முடிஞ்சாப் பாருங்கம்மா."

"அது முடிஞ்சிட்டுது ஐயா. நீங்க முடிச்சுக் குடுத்துட்டிய. நல்லா வேலை செய்யுது."

"அப்படியா?" சந்தோஷம் தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. என் வீட்டுக்காரியும் அங்கனதான் இருக்கா. கோமதின்னு பேரு. நான் போன் பண்ணதை அவகிட்டச் சொல்லாதீங்க. எனக்கு ஒண்ணு தெரியலைன்னா அவ ரொம்பக் கவலைப்படுதா."

"சொல்லலை ஐயா."

"நல்லா இருங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

போனை வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தேன். யாரோ பின்னாலிருந்து "மேடம்" என்றதும் வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வாசலில் நின்றார். "வந்துட்டியா கோமு" என்றார். முகம் தெளிவாக இருந்தது. காபி போட்டேன். எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"இன்னைக்கு ஆபீசுல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல அத்தான். ஒருத்தர் போன் பண்ணினாரு, உள்ள போக முடியலன்னு."

"சரி பண்ணிக் குடுத்தியா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பொறுமையாப் பேசு அவர்ட்ட" என்றார் அத்தான். "உள்ள போக முடியலன்னா ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்."

"சரி அத்தான்" என்றேன்.